தரையில் கால் பாவியவள்

என் மனைவி முன்பு பேயாக இருந்தவள். இதைச் சொன்னால் கல்யாணமான ஆண்கள் "எங்க வீட்டிலயும் அதே கதைதான்" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அவள் நிஜமாகவே பேய். தூங்குகிறவர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்குகிற வகை.

அதையெல்லாம் விட்டுவிட்டாள். திருந்திய பேய்க்குக் கால் தரையில் பாவும். அதுதான் அடையாளம், வேறு சான்றிதழ் கிடையாது. நான் துணி வெட்டுகிற தையல் கூடத்துக்கு அவள் வேலை கேட்டு வந்தபோது, முதலாளி முகத்தைப் பார்க்கும் முன் குனிந்து காலைப் பார்த்தார். மோட்டார் மெஷின் வேண்டாம், மிதிக்கிற மெஷினே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சட்டைக் காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் அந்தக் காலரில்தான் விழுந்தேன் என்று என் அக்கா கிண்டல் செய்வாள்.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். எங்கள் கல்யாணம் கூடாதென்று ஒற்றைக்காலில் நின்றவள். பாப்பா பிறந்ததும் அவளே என் மனைவிக்கு வெந்நீர் வைத்தாள், தலை துவட்டிவிட்டாள். ஆனாலும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவாள்: "ஏன்டி, பழைய புத்தி திரும்ப வராதுல்ல?"

"வராது அண்ணி."

பால்காரர் கேட்பார். பள்ளிக்கூட ஆயா கேட்பார். திருடன் திருந்தினால்கூட நாலு வருஷத்தில் மறந்துவிடுகிறார்கள், இவளை மட்டும் விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்துவாள்.

போன மழைக்காலத்தில் பாப்பாவுக்குச் சளி. காலையில் எழுந்ததும், "அத்தை, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு" என்றது. வெறும் சளிதான் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, எங்கள் அறை வாசலிலிருந்து பாப்பா படுத்திருந்த கட்டில் வரைக்கும் தரையெல்லாம் கோதுமை மாவைத் தூவிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா கூத்து இது?"

"சும்மா இருடா. அவ எந்திரிச்சு நடந்து வரட்டும். கால்தடம் விழுந்தா நான் வாயை மூடிக்கறேன்."

நான் கத்த ஆரம்பித்தேன். அதற்குள் கதவு திறந்தது. என் மனைவி மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பழசெல்லாம் எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சீங்களா அண்ணி? தினமும் காலையில கட்டில்லேருந்து எறங்குறதுக்கு முன்னாடி, இன்னிக்கும் நடக்கலாம்னு ஒரு முடிவு எடுப்பேன். அப்புறம்தான் காலைக் கீழ வைப்பேன். தினமும்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவன், எனக்கே இது தெரியாது.

"இன்னிக்கு மட்டும் மனசு வரல" என்றாள்.

மாவின் மேல் மிதந்து வந்தாள். ரோஷம்தான், வேறொன்றுமில்லை. ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பாள். துளி மாவு கலையவில்லை. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விழித்துக்கொண்ட பாப்பா கட்டிலில் நின்று கைதட்டியது. "அம்மா, இன்னும் மேல!"

"போதும், எறங்கு" என்றேன்.

"இதோ" என்று சிரித்துக்கொண்டே பாதத்தை நீட்டினாள். விரல் நுனி தரையைத் தொடவில்லை. இன்னும் நீட்டினாள். மெஷினை மிதிப்பதுபோல அழுத்திப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஏங்க, வரலைங்க."

ஒரு பேய் பயந்து நான் பார்த்தது அன்றுதான். முதலில் ஓடியது அக்கா. மாவில் மண்டியிட்டு அவளுடைய இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு இழுத்தாள். "எறங்குடி கண்ணு, நான் ஒரு கூறுகெட்டவ, எறங்குடி." நான் தோளைப் பிடித்துக் கீழே தள்ளினேன். பிடித்திருக்கும்வரை நின்றாள். பிடி தளர்ந்தால் மேலே போனாள்.

"விடுங்க அண்ணி. பாப்பாவை இனிமே உங்ககூடப் படுக்க வச்சுக்கங்க. கதவைத் தாழ் போட்டுக்கங்க."

"ஏன்டி அப்படிச் சொல்றே?"

"தூங்குறவங்களைப் பார்த்தா எனக்கு என்ன தோணும்னு இப்பத் தெரியல."

அக்கா வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். அவள் கைகள் தாமாகவே அந்தக் கால்களை விட்டுவிட்டு, பாப்பாவை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டன. என் மனைவி அதைப் பார்த்தாள்.

"அதான் சரி அண்ணி" என்றாள்.

பாப்பாவைத் தொடாமல், தூரத்திலிருந்தே ஒருமுறை பார்த்துவிட்டு வாசலை நோக்கிப் போனாள். அவளைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை.