கத்ரா தூங்கிய மதியம்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை பூசணித் திருநாள் நடக்கும். ஒரு காலத்தில் பிரபு வம்சத்தார் வாழ்ந்த மாளிகை அது. பின்னால் பெரிய தோட்டம். அன்றைக்கு மாளிகைக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கூட்டமெல்லாம் தோட்டத்தில்தான். குழந்தைகள் பூசணியைக் குடைந்து விளக்கு செய்வார்கள். கஷ்கொட்டை விதைகளில் தீக்குச்சி செருகி மாடும் முள்ளம்பன்றியும் செய்வார்கள். பெரியவர்கள் ஆப்பிள் சாறு பிழியும் இடத்தில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். இத்தனைக்கும் ஏற்பாடு செய்பவள் ருஷேனா. பள்ளிக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளைக் கவனிப்பது அவள் வேலை.

அந்த வருஷம் திருநாள் காலையில், ஒரு காலில் ஷூவை மாட்டியவள் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. வசந்த காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது.

வசந்தத்தில்தான் அவளுக்கும் திபோருக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. திபோர் அதே அருங்காட்சியகத்தின் தோட்டக்காரன். அடிதடி, கூச்சல் எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, தான் வேறு வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். அந்த வேறு வீடு பேக்கரிக்கு மேல்மாடி. பேக்கரி நடத்தும் பிளாங்காவுக்குப் புருஷன் இல்லை, தெரேஸ்கா என்று ஒரு பெண் குழந்தை உண்டு. ஊருக்கே இதெல்லாம் தெரியும். ருஷேனாவின் மகள் பிர்னோ நகரத்திலிருந்து போன் செய்து அழுதாள். ருஷேனாதான் அவளைத் தேற்றினாள்.

பிறகு வேலை. காகிதப் பட்டம் செய்யும் வகுப்பு, பள்ளிக்கூட வருகைகள், கோடை முகாம் என்று எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். கை சும்மா இருந்தால் மனசு எங்கோ போய்விடும் என்று பயம்.

திருநாளில் மக்கள் முக்கியமாக வருவது பொம்மை நாடகத்துக்கு. சின்னப் பூசணிகளைத் தலையாகக் கோலில் செருகி, பழந்துணி உடுத்திய இரண்டு பொம்மைகள். மிஷோ என்று ஒரு சோம்பேறிப் புருஷன், கத்ரா என்று வாயாடிப் பெண்டாட்டி. மகள் சின்னவளாக இருந்தபோது அவளைச் சிரிக்க வைக்க ருஷேனாவும் திபோரும் வீட்டில் ஆரம்பித்தது. பிறகு அது தோட்டத்துக்கு வந்து, ஊருக்கே சொந்தமாகிவிட்டது. அந்த வருஷம் செப்டம்பரில் அருங்காட்சியக இயக்குநர் ராடோவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சங்கடமா இருந்தா விட்டுடலாம் ருஷேனா," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஆனா ஜனங்க இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"திபோர் என்ன சொன்னான்?"

"நீங்க செஞ்சா தானும் செய்யறதா சொன்னாரு."

"அப்ப செய்யலாம்," என்றாள். மறுத்துப் பேசக்கூட அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

தோட்டத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. திபோர் தள்ளுவண்டியில் பூசணிகளைக் கொண்டு வந்து வைக்கோல் மேல் இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பொம்மைத் தலைகளையும் செதுக்கி முடித்திருந்தான்.

"கத்ரா வாயை இவ்வளவு பெருசா வெட்டணுமா?" என்றாள் ருஷேனா.

"பேச்சு வெளிய வர வழி வேணாமா?"

"மிஷோவுக்குக் காதே இல்ல."

"அவனுக்கு எதுக்கு? இருந்தும் கேக்கவா போறான்?"

அவள் சிரிக்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. வாய் பழக்கத்தில் பேசியது, அவ்வளவுதான். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் பசை டப்பாக்களை மேஜை மேஜையாக வைக்கத் தொடங்கினாள்.

உதவிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு கல்லூரிப் பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி போனை எடுக்கவேயில்லை. பத்து மணிக்கு வாசல் திறந்ததும் கூட்டம் பொங்கி வழிந்தது. பூசணி குடையும் கரண்டிகள் போதவில்லை. ஒரு பையன் பசையைத் தங்கையின் தலையில் கொட்டிவிட்டான். சூப் போடும் தொண்டர்கள் உப்பு எங்கே என்றார்கள். ஒரு தாத்தா கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு, அவள் கைகாட்டி முடிப்பதற்குள் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "ருஷேனா", "ருஷேனா அத்தை", "மேடம்" என்று நாலா பக்கமும் குரல். ராடோவன் கோட்டும் டையுமாகக் கூட்டத்தில் நடந்து எல்லாருடைய கையையும் குலுக்கினார்.

டேலியா பாத்திக்குப் பக்கத்தில் பிளாங்கா கடை போட்டிருந்தாள். கசகசா கேக், பிளம் கேக், சுடச்சுட உருளைக்கிழங்கு ரொட்டி. ருஷேனா அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தாள். கடைசியில் மின்சார வயரை இழுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள் பிளாங்கா.

"அப்புறம் சாப்பிடறேன்."

"காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கீங்க."

"பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு ருஷேனா நடந்தாள். அந்தப் பெண்ணை வெறுக்க வேண்டும் என்று அவள் பலமுறை முயன்றிருக்கிறாள். அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

மதியம் நாடகம். வால்நட் மரத்தடியில் துணி கட்டிய கூடாரம். உள்ளே இரண்டு பேர் தோளோடு தோள் இடிக்க நிற்கத்தான் இடம். திபோர் முதலில் நுழைந்தான். பிறகு அவள். அவனிடம் மண் வாசனையோடு வெண்ணெய் வாசனையும் அடித்தது. முன்பெல்லாம் மண் வாசனை மட்டும்தான். அவன் மிஷோவையும் அவள் கத்ராவையும் கையில் எடுத்தார்கள். வெளியே குழந்தைகள் "கத்ரா, கத்ரா" என்று கத்தினார்கள்.

"ஏய் மிஷோ, வேலியப் போடச் சொன்னேனே, போட்டியா?"

"போட்டுட்டேனே."

"எங்க போட்ட?"

"அடுப்புலதான். வீடு ஒரே குளிரா இருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. கத்ரா துடைப்பத்தால் ஒன்று போட்டாள்.

"முட்டைக்கோஸ நறுக்கினியா?"

"ஆட்டுக்கிட்ட குடுத்தேன். என்னைவிட நல்லா நறுக்குது."

"நான் ஒருத்தி இல்லன்னா இந்த வீடு என்ன ஆகும்?"

"அமைதியா இருக்கும்."

எல்லா வருஷமும் சொல்லும் வசனம்தான் அது. எல்லா வருஷமும் பெரியவர்கள்தான் இதற்கு அதிகமாகச் சிரிப்பார்கள். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யாரோ இருமினார்கள். துணிக்கு உள்ளே திபோரின் கழுத்து சிவப்பதை ருஷேனா பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கிப் பிடித்த கை மட்டும் கல்லாகக் கனத்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை எழுந்து நின்றது. துணியின் ஓட்டை வழியே அவளுக்குத் தெரிந்தது: சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்ட தெரேஸ்கா.

"கத்ரா அத்தை, நீங்க ஏன் எப்பவும் கோவமாவே இருக்கீங்க?"

குழந்தைகள் குறுக்கே கேள்வி கேட்பது வழக்கம்தான். அதற்கு ஏதாவது குறும்பாகப் பதில் சொல்வதும் வழக்கம். ஆனால் யார் வீட்டுக் குழந்தை கேட்கிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். டேலியா பாத்திப் பக்கம் பிளாங்கா கேக்கைத் தட்டில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவம் இல்லடா கண்ணு," என்றாள் கத்ரா. குரல் கத்ராவின் கீச்சுக்குரலாக இல்லை. ருஷேனாவின் குரலாகவே இருந்தது. "அலுத்துப்போச்சு. ரொம்ப அலுத்துப்போச்சு."

தெரேஸ்கா யோசித்தாள். "அப்ப தூங்குங்க," என்றாள்.

கத்ராவின் பூசணித் தலை மெல்லத் தாழ்ந்து, கூடாரத்தின் விளிம்புப் பலகையில் சாய்ந்தது.

"என்ன பண்ற?" என்று கிசுகிசுத்தான் திபோர்.

"கையத் தூக்க முடியல."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"முடியல திபோர்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பல மாதங்களாக அவன் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு அவள் கையிலிருந்து கத்ராவின் கோலைத் தன் இடது கைக்கு வாங்கிக்கொண்டு, காலால் ஒரு பழப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கூடாரத்தின் கம்பம் இருந்தது.

"ஷ்ஷ்," என்றான் மிஷோ வெளியே பார்த்து. "கத்ரா தூங்குறா. யாராவது சத்தம் போட்டா எந்திரிச்சு என்னைத்தான் அடிப்பா. எனக்காகக் கொஞ்சம் பேசாம இருங்க."

குழந்தைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மிஷோ துடைப்பத்தை எடுத்துப் பலகை நெடுகப் பெருக்கினான், சத்தமில்லாமல். பாத்திரம் கழுவுவதுபோலச் செய்தான். ஒரு துணியைத் தன் பூசணிப் பல்லில் மாட்டி இழுத்து கத்ராவுக்குப் போர்த்தினான்; அது இரண்டு முறை நழுவியது, இரண்டு முறையும் போர்த்தினான். கீழே உட்கார்ந்தபடி ருஷேனா அவனுடைய பூட்ஸையும் அதில் ஒட்டியிருந்த ஈர இலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஜனம் இருக்கும் தோட்டத்தில் காற்று மரத்தில் புகுந்து போகும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கூடாரத்தில் அவள் தனியாக இருந்தாள். மேலே திபோரின் வேலைக் கோட்டு கிடந்தது. துணிக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. திடுக்கிட்டு எழுந்து வெளியே வந்தாள். பூசணி விளக்குகளை ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். எந்த விளக்கு எங்கே என்று அவள் போட்டு வைத்திருந்த ஒழுங்கில் ஒன்றும் இல்லை. குழந்தைகள் தோன்றிய இடத்தில் வைத்திருந்தார்கள். பாதையில் பாதி இருட்டு, குளத்தங்கரையில் ஒரே வெளிச்சம். நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

ராடோவன் வேகமாக வந்தார். "ருஷேனா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. சிறந்த பூசணின்னு ஒண்ணுக்குப் பரிசு அறிவிச்சேன். அது நம்ம அலுவலகத்துல அலங்காரத்துக்குச் செஞ்சதாம். யாரும் மேடைக்கு வரல. நான் அரைமணி நேரம் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன்."

"அப்புறம்?"

"பக்கத்துல நின்ன பையன்கிட்ட குடுத்துட்டேன். அவன் பூசணியே செய்யல, ஆனா வாங்கிக்கிட்டான்."

ருஷேனாவுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. ராடோவன் கொஞ்சம் பயந்துபோய் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

திபோர் மரத்தடியில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஏன் எழுப்பல?"

"எழுப்பியிருந்தா எந்திரிச்சிருப்ப."

"நாடகம் எப்படி முடிஞ்சுது?"

"முடியல. பூனை மாதிரி போங்கன்னு சொன்னேன், எல்லாரும் நுனிக்கால்ல நடந்து போனாங்க. மேயர்கூட."

"வீட்டுல இருந்தப்ப ஒரு நாளாவது அப்படிப் பெருக்கியிருக்கியா நீ?"

"இல்ல," என்றான் திபோர். கயிறைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ பெருக்கி முடிச்சிருப்ப. நான் எதத் தொட்டாலும் அது ஏற்கெனவே முடிஞ்சிருக்கும். கொஞ்ச நாள்ல தொடறதையே விட்டுட்டேன்."

"அதனாலதான் போனியா?"

"அதனால மட்டும் இல்ல."

"சரி," என்றாள். அவள் எதிர்பார்த்ததைவிட நேர்மையான பதில். வலித்தது. ஆனால் அந்த வலியில் தூக்கத்தைக் கெடுக்கும் சந்தேகம் எதுவும் கலந்திருக்கவில்லை. "அடுத்த வருஷம் நான் பொம்மையத் தொடமாட்டேன் திபோர். ராடோவன்கிட்ட நானே சொல்லிடறேன்."

அவன் தலையாட்டினான்.

வாசலுக்குப் போகும் வழியில் தெரேஸ்கா ஓடிவந்தாள். பின்னால் பிளாங்கா, காகிதத்தில் சுற்றிய ரொட்டியோடு, கிட்டே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள்.

"கத்ரா நல்லாத் தூங்கினாளா?" என்றாள் குழந்தை.

"பாதிதான். மிச்சத்த வீட்டுல தூங்குவா."

ருஷேனா பிளாங்காவிடம் கையை நீட்டி ரொட்டியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அதை முழுசாகத் தின்றாள். ரொட்டியில் தடவியிருந்த வாத்துக் கொழுப்பு விரலெல்லாம் வழிந்தது. அன்று அவள் வாயில் பட்ட முதல் உணவு அதுதான்.

திங்கட்கிழமை அவள் நீண்ட விடுப்பு கேட்டாள். ராடோவன் கிறிஸ்துமஸ் கண்காட்சியைப் பற்றி முணுமுணுத்தார், பிறகு கொடுத்தார். முதல் வாரம் முழுவதும் தூங்கினாள். அப்புறம் பிர்னோவுக்கு மகளிடம் போனாள். அங்கே காலையில் மகள் காபி போடும் வரை படுக்கையிலேயே கிடக்கப் பழகினாள். அது சுலபமாக வரவில்லை.