உருமால் அவிழ்க்காத விருந்தாளி

என் மகள் சௌந்தரத்தின் கல்யாணம் 1968 ஆவணியில், அருப்புக்கோட்டையில் என் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பத்திரிகை வைத்து அழைத்தவரை எழுந்து போகச் சொன்ன வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. குர்தித் சிங்குக்கு நானே பத்திரிகை வைத்திருந்தேன். எங்கள் பஞ்சு லோடை வருஷக்கணக்காகத் தன் லாரியில் பம்பாய்க்கு ஏற்றிப்போன சீக்கியர் அவர். ஒரு பொதிகூட நனைந்ததில்லை.

தாலி கட்டும் நேரத்தில் சம்பந்தி ராஜகுரு என்னை ஓரமாக அழைத்தார்.

"சம்பந்தி, பெரியவுக இருக்கிற சபையில அந்தாளு தலைத்துண்ட அவுக்காம உட்கார்ந்திருக்காரு. இடுப்புல கத்தி வேற. அவரு எந்திரிச்சுப் போகணும். இல்லேன்னா நாங்க போறோம்."

மணவறையில் சௌந்தரம் தலைகுனிந்து இருந்தாள். அவளை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"அழைச்சது நான். அவுக போகமாட்டாக."

ராஜகுரு, விருந்துக்கு வந்திருந்த போலீஸ் ஏட்டையாவைப் பிடித்தார். "கத்தியோட வாரது குத்தமில்லையா? நீங்களே சொல்லுங்க."

ஏட்டையா எழுந்ததும் சிங்கும் எழுந்தார். "முதலாளி, நான் போறேன். பொண்ணு கல்யாணம் பெரிசு."

"உட்காருங்க" என்றேன்.

என் மைத்துனர் சண்முகவேல் வக்கீல். சந்தனக் கிண்ணத்தோடு குறுக்கே வந்தார். "ஏட்டையா, அது கிர்பான். அரசியல் சட்டம் இருபத்தஞ்சாவது பிரிவப் பாருங்க. சீக்கியர் அத வச்சிருக்கிறது அவுக மதத்துல சேர்த்தின்னே எழுதியிருக்கு. கை வச்சீகன்னா கோர்ட்டுல நீங்கதான் பதில் சொல்லணும்."

"எனக்கெதுக்கய்யா வம்பு? நான் சாப்பிட வந்தவன்" என்று ஏட்டையா உட்கார்ந்துவிட்டார்.

ராஜகுரு விடவில்லை. "கத்திக்குச் சட்டம் இருக்கு. தலையில இருக்கிறதுக்கு?"

"அதுவும் அவுக மதந்தான். உங்க மகன் தலையிலயும் கல்யாண உருமால் கட்டியிருக்கே சம்பந்தி. பெரியவுக சபைன்னு அதையும் அவுக்கச் சொல்லுவமா?" என்றேன்.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை காளிராஜ். சிரித்த சிரிப்பில் அவர் உருமால் கண்ணை மறைத்துச் சரிந்தது.

"அப்பா, சும்மா இருங்க. காலையில இருந்து இது நிக்கவே மாட்டேங்குது. சிங்கய்யா, நீங்க வந்து கட்டிவிடுங்களேன்."

சிங் அசையவில்லை. என்னைப் பார்த்தார். நான் ராஜகுருவைப் பார்த்தேன். கட்டச் சொல்லும் சொல் சம்பந்தி வாயிலிருந்து வரவேண்டும். அதை நான் பறிக்கக் கூடாது.

ராஜகுரு மீசையைத் தடவினார். "முகூர்த்தம் போகுதுல்ல, என்ன நிக்கிறீக? நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றார்.

முதல் பந்தியில் ராஜகுருவுக்குப் பக்கத்து இலையைக் குர்தித் சிங்குக்கு நானே போட்டேன்.