கழுதை கேட்ட ஏலம்

சிபானா டீச்சருக்குக் கோபம் வந்தால் படம் கீறுவாள். எத்தாளை என்ற கடற்கரை ஊரின் பள்ளியில் முதலாம் வகுப்புச் சுவர் முழுக்கப் படமாக இருந்ததற்கு அதுதான் காரணம். இந்த வருடம் கோபத்தைக் கிளப்பியது கொழும்பிலிருந்து வந்த ஒரு பாட்டுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம், வரிக்கு வரி எதுகை, தாள் நல்ல வழுவழுப்பு. முதல் பக்கத்திலேயே இமைமயிர் வைத்த மீன் ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்தது. பாட்டைப் படிக்க விட்டால்தானே. "இது விளைமீனா டீச்சர், கொடுவாயா?" என்று ஒரு பிள்ளை கேட்க, "செதிளப் பாரு, ரெண்டும் இல்ல" என்று இன்னொன்று சொல்ல, அப்படியொரு மீன் கடலிலேயே இல்லை என்று வகுப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மீனே பொய் என்றால் பாட்டை யார் நம்புவது?

விடுமுறை முழுக்க உட்கார்ந்து அவளே ஒரு புத்தகம் செய்தாள். அவள் உட்காரும் கதிரையில் நிறுத்தினால் கடைசி வரிசைக்கும் தெரிகிற பெரிய புத்தகம். ஊரைச் சுற்றும் கழுதைகளில் ஒன்று மீன் ஏலத்துக்குப் போவதுதான் கதை.

கழுதை ஒன்று வந்தது
கடற்கரையில் நின்றது
வாலை ஆட்டிப் பார்த்தது
வாளை மீனைக் கேட்டது

படிக்கும்போது வேண்டுமென்றே இடையில் நிறுத்திவிடுவாள். படத்தைப் பார்த்து, ஓசையைப் பிடித்து, மிச்சத்தைப் பிள்ளைகள்தான் சொல்லி முடிக்க வேண்டும். டீச்சர் நிறுத்தினால் அது அவர்கள் முறை. காலையில் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகள் இப்போது வாசலிலேயே கழுதை எங்கே என்று கேட்டன. சிபானாவுக்கு அந்தப் புத்தகம் என்றால் உயிர்.

அதிலும் ஏலப் பக்கம் வந்துவிட்டால் கொண்டாட்டம்தான்.

யாருக்கு மீன், சொல்லுங்க, ஒரு தரம்
நேரமாகுது, கேளுங்க, ரெண்டு தரம்

இங்கே நிறுத்துவாள். "மூணு தரம்" என்று ஓடு பறக்கக் கத்துவார்கள்.

ஊரில் நிஜமாகவே ஏலம் கூறுபவர் ஹயாத்து முகம்மது. அவருடைய பிழைப்பே இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிப்பார், வானத்தைப் பார்ப்பார், யாருடைய மகளுக்கோ கலியாணம் சரிவந்ததா என்று விசாரிப்பார். அதற்குள் பொறுமை இழந்த, மீன் வாங்க வந்த முதலாளிமார் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். மூன்றாம் தரம் விழுந்துவிட்டால் மட்டும் பேச்சில்லை. அதைத் திருப்பி எடுக்கும் வழக்கம் அந்தக் கரையில் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு, பிள்ளைகள் கரையோரமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கரைவலையில் பட்ட மீன் மணலில் குவிந்திருந்தது. புத்தளத்து லொறி முதலாளி ஃபைஸல் அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தார். "ரெண்டு தரம்," என்று சொல்லிவிட்டு ஹயாத்து வெற்றிலையை எடுத்தார். நிறுத்தினால் அது யார் முறை?

"மூணு தரம்."

வகுப்பே சேர்ந்து சொன்னது. தொடக்கி வைத்தவள் அப்ரா, பல் விழுந்த வாயோடு. ஃபைஸல் சிரித்துக்கொண்டே மீனை லொறியில் ஏற்றச் சொன்னார். ஏலக்காரர் சொல்லவில்லையே என்று வலைக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள்.

"மூணாந் தரம் விழுந்திச்சா இல்லையா? ஆர் சொல்லணும்டு எங்க சட்டம் இரிக்கி?" என்றார் ஃபைஸல்.

அப்படி ஒரு சட்டம் இல்லைதான். அது தேவைப்படும் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

மறுநாள் காலை ஹயாத்து பள்ளி அதிபரின் அறையில் நின்றார். அதிபர் தாஹிர் சேருக்குச் சத்தம் கேட்காத வகுப்புத்தான் நல்ல வகுப்பு. முழு நிலவளவு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்கு வந்து, புத்தகத்தைத் தூக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"சேர், புள்ளைகள் இப்பத்தான் ஆசையா வாசிக்கத் தொடங்கியிரிக்கி," என்றாள் சிபானா.

"கழுதையப் பாத்து வாசிக்கத் தேவையில்ல டீச்சர்."

சிபானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. கரும்பலகையில் ஒரு கழுதையைக் கீறி, அதற்குப் பெரிய வட்டக் கண்ணாடி போட்டுவிட்டாள்.

அன்றும் பள்ளி விட்டது. அன்றும் ஹயாத்து "ரெண்டு தரம்" என்று நிறுத்தினார். அன்றும் பிள்ளைகள் முடித்து வைத்தார்கள். அடுத்த நாள் அவர் நிறுத்தாமலே கூறிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு வேலை இருக்கவில்லை, ஆனால் விலையும் ஏறவில்லை. வியாழக்கிழமை மறுபடி பள்ளிக்கு ஓடி வந்தார்.

"புத்தகத்தப் பூட்டித்தானே இரிக்கி," என்றார் அதிபர்.

"புத்தகத்தப் பூட்டினீங்க சேர், அதுகள்ட வாயப் பூட்டலியே." ஹயாத்து சிபானா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கதான் படிச்சிக் குடுத்தீங்க, நீங்களே மறக்கடிச்சித் தாங்க. வலைக்காரனுகள் என்னைய மாத்தப் போறானுகள்."

"மறக்கடிக்க ஏலாது நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் சிபானா. "வேணும்டா நடுவுல ஒரு பக்கம் கூட்டலாம். அதுக்குப் புத்தகம் வேணும்."

அதிபர் சாவியை எடுத்தார். "கீறி முடிஞ்ச ஒடனே திரும்பப் பூட்டணும்."

"அப்ப எனக்கு ஏலாது சேர்."

சொல்லிவிட்டு சிபானா கூரையைப் பார்த்தாள். கைப்பையைத் துடைத்தாள். அதிபரின் மகளுக்குப் பரீட்சை எப்படிப் போனது என்று விசாரித்தாள். ஏலக்காரருக்கே அந்த இடைவெளி தாங்கவில்லை.

"குடுத்திருங்க சேர்," என்று ஹயாத்து கெஞ்சினார். அலுமாரிச் சாவி அவள் கைக்கு வந்தது.

புதுப் பக்கத்தில் ஒரு நண்டு வந்தது. இரண்டாம் தரம் முடிந்ததும் அதைக் கூப்பிட வேண்டும்; விலை போதாது என்று அதுதான் பேசும்.

நண்டு நானா, கையைக் கொஞ்சம் நீட்டு, நீட்டு
காணாது, காணாது, கூட்டு, கூட்டு

இரண்டே நாளில் பிள்ளைகளுக்கு நண்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதிபரின் அறையிலிருந்துகூட "நீட்டு, நீட்டு" என்று ஒரு முணுமுணுப்புக் கேட்டது. சிபானா கேட்காததுபோல் கடந்து போனாள்.

கரையில் ஹயாத்து பயந்து பயந்து "ரெண்டு தரம்" என்று நிறுத்தினார். பிள்ளைகள் நண்டு மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு, ஃபைஸலைப் பார்த்து, "காணாது, காணாது, கூட்டு, கூட்டு" என்றார்கள். கரையே சிரித்தது. அத்தனை பேர் சிரிக்கும்போது குறைந்த விலையில் நிற்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? கூட்டினார். மறுபடி ரெண்டு தரம், மறுபடி நண்டு. ஹயாத்து வெற்றிலையைத் தொடவே இல்லை.

அடுத்த நாள் ஃபைஸலின் லொறி பள்ளி வாசலில் நின்றது.

"அந்தப் புத்தகத்தப் பூட்டிருங்க சேர்," என்றார். "சும்மா கேக்கல்ல. புள்ளைகளுக்கு ஒரு அலுமாரி நெறையப் புதுப் படப் புத்தகம் வாங்கித் தாறன்."

ஒரு அலுமாரிப் புத்தகம் என்றால் எந்த அதிபரும் தலையாட்டிவிடுவார். சிபானா சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஃபைஸல் பேச்சை நிறுத்தியதுதான் தாமதம், யன்னலில் தொங்கிக்கொண்டிருந்த முதலாம் வகுப்பு கையை நீட்டியது.

"காணாது, காணாது, கூட்டு, கூட்டு."

தாஹிர் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைகளைப் பார்த்தார், சிபானாவைப் பார்த்தார்.

"ஒரு தரம்," என்றார்.

ஃபைஸல் உட்கார்ந்து வாசிக்கப் பாயும் தருவதாகச் சொன்னார். நண்டுகள் அதுவும் காணாது என்றன.

"ரெண்டு தரம்," என்ற அதிபர், சாவகாசமாக வானத்தைப் பார்த்துவிட்டு, ஃபைஸலின் உம்மாவுக்குச் சுகம் எப்படி என்று விசாரித்தார்.

புத்தகம் இன்றும் கதிரையில்தான் நிற்கிறது. மூன்றாம் தரத்தை அதிபர் இன்னும் சொல்லவில்லை.