அம்சவல்லி கேட்ட பக்கம்

எழுதுகிறவன் பெயர் புத்தகத்தில் எங்கேயும் வராது, யாரிடமும் சொல்லவும் கூடாது என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள். இளம்பரிதிக்கு அதில் வருத்தமில்லை. ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து வயிறு வளர்க்கிறவனுக்கு வருத்தப்பட ஏது நேரம்? அதுவும் அந்தத் தொண்ணூற்றொன்று தேர்தல் வருஷம். போஸ்டர் வேலைக்கு நடுவேதான் லேத் பட்டறை கோதண்டராமனின் சுயசரிதையும் உருவானது. தன் மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு அதையும் போட்டுக் கொடுக்க மனிதருக்கு ஆசை.

தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோதண்டராமனை நிறுத்த ஆள் வேண்டும். ஆனால் டைபாய்டில் படுத்த காலத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போனார். அதைச் சொன்னது காபி கொண்டுவந்த அவர் மனைவி அம்சவல்லிதான். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இந்த அம்மாளே லேத் ஓட்டப் பழகியிருக்கிறார். கடைந்த இரும்புப் புஷ்களைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஒரகடம் வழியாகப் பஸ் மாறி மறைமலை நகர் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

இளம்பரிதி அதை உருகி உருகி எழுதினான். கோதண்டராமன் படித்தார். பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரே கோடு.

"இன்னா தம்பி இது? பொண்டாட்டி சம்பாரிச்சுப் போட, குந்திகினு துன்னான்னு ஊரு சிரிக்கவா?"

"நடந்ததுதானே சார்?"

"நடந்தது என் வூட்டுல. புக்கும் என்னுது. மாத்தி எழுது."

இளம்பரிதி மாற்றி எழுதினான்.

விழாவுக்கு முந்தின நாள் புத்தகக் கட்டுகளை இறக்கப் போனபோது வீட்டில் அம்சவல்லி மட்டும் இருந்தார். புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. நான் சாக்கு தூக்கினது இதுல வந்துகீதா? அத மட்டும் படிச்சுக் காட்டேன்."

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. டைபாய்டு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கோதண்டராமன் அடித்துப்போட்டதை மனப்பாடமாக ஒப்பித்தான். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவரா இப்டிச் சொன்னாரு!" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருக்கட்டும், இதோடு போயிற்று என்று நினைத்தான் பாவி.

மறுநாள் மேடையில் தம்பதி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். புத்தகத்தை வெளியிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்மா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை நீட்டினார். அம்சவல்லி மடித்த பக்கத்தைப் பிரித்து அவரிடமே கொடுத்தார்.

"எனக்குப் பேச வராது சார். இத நீங்க படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

பின்வரிசையில் இருந்த இளம்பரிதி முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். தலைமையாசிரியர் கணீரென்று படித்தார்: "அந்த நாளில் டைபாய்டு என்னைச் சாய்த்தது. ஆனாலும் பட்டறை மூடவில்லை. துணைக்கு யாருமின்றித் தனி ஆளாக நின்று கரையேறினேன்." கூட்டம் கை தட்டியது. அந்த வரியை எழுதிய கையும் இளம்பரிதியுடையதுதான்.

அம்சவல்லி கை தட்டவில்லை. "இன்னும் கீது சார். நல்லா பாருங்க."

தலைமையாசிரியர் பக்கத்தைப் புரட்டினார். "அவ்வளவுதாம்மா இருக்கு."

"எழுதின தம்பியே நேத்து படிச்சுக் காட்டிச்சே!"

கோதண்டராமன் சிரித்துக்கொண்டே மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "புக்கு நான் எழுதினதுங்க. தம்பியும் இல்ல, அண்ணனும் இல்ல." கூட்டம் சிரித்தது.

அம்சவல்லி மாலையோடு எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். கடைசியில் அவனைக் கண்டுபிடித்துக் கை காட்டினார்.

"தோ, அந்தப் புள்ளதான். எந்திரி தம்பி. என் கதைய நீயே வந்து படி."

எல்லாத் தலைகளும் திரும்பின. கோதண்டராமனும் அவனையே பார்த்தார். இளம்பரிதி எழுந்தான். நெஞ்சில் அந்தப் பக்கம் முழுசும், ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது.

"அம்மா வேற யாரையோ நெனச்சுகினு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.