பழுப்பு வளையம்

கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அவள் கள்ளியை மறுபடியும் அறுத்தாள்.

"அழுத்தாத, இழு," என்றார் கணவர். வயிற்றில் தையல் போட்ட இடத்தைத் தலையணையால் அணைத்தபடி சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

எலுமிச்சை அளவு மலைக் கள்ளி. உடம்பெல்லாம் முள், வருஷத்தில் ஒரே ஒரு வாரம்தான் சிரிப்பு என்று அதற்கு 'மச்சினி' எனப் பெயர் வைத்திருந்தார். குளிர் முடிந்ததும் அடியைச் சுற்றிச் சிவப்பாகப் பூக்கும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் முதலில் கேட்டதே, "மச்சினி எப்படி இருக்கா?" என்றுதான். இந்த வருஷப் பூவை அவர் பார்க்க வேண்டும். எப்பாடுபட்டாவது அதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

குளிர்காலத்தில் அவர் வளர்க்கும் இந்தக் கள்ளிகளுக்குச் சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது. சுருங்கும், சுருங்கத்தான் வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவை வற்றி நின்றதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தினமும் ஊற்றினாள். எல்லாம் பசேலென்று உப்பின. பிறகு கொல்லைப்புறத்துப் பாறை இடுக்குகளில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கூழாகிச் சரிந்தன. மிஞ்சியது தொட்டியில் இருந்த மச்சினி மட்டும். இன்று காலை தொட்டபோது அதற்குள்ளும் விரல் இறங்கியது.

"நடுவுல பழுப்பு வளையம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப அழுகல் இன்னும் இருக்கு. மேல அறு. வெள்ளையா வந்துட்டா போதும், காயவச்சு நட்டா வேர் பிடிச்சுக்கும்."

அறுத்தாள். வளையம். இன்னும் மேலே. வளையம். கடைசியில் கையில் நின்றது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு முள்கொத்து. அதன் நடுவிலும் பழுப்பு.

"இப்ப?"

"சுத்தமா இருக்குங்க." குரல் பிசிறில்லாமல் வந்தது. கொஞ்ச நாளாகப் பழகிய குரல்.

"காட்டு."

விரல்களை மடக்கிக்கொண்டாள். முட்கள் உள்ளங்கையில் ஏறின.

அவர் வற்புறுத்தவில்லை. சரளை நிரப்பிய புதுத் தொட்டியைக் காலால் மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"கட்டி முழுசையும் எடுத்தாச்சு, இனி பயமில்லன்னு என்கிட்ட சொன்னியே, அதே குரல்," என்றார். "நான் தூங்கறேன்னு நினைச்சு நர்ஸுங்க பேசிக்கிட்டாங்கம்மா. டாக்டர் எதையும் எடுக்கவே இல்லையாம். திறந்து பாத்துட்டு அப்படியே தச்சுட்டாராம்."