வளையலுக்குக் கீழே மூன்று முத்து

கதவு நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள் கருப்பம்மா. செருகிய அந்த நிமிடமே மகளின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் கட்டியாயிற்று. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். இன்றைக்கு வெள்ளி, பகல் பதினொரு மணி. இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே தேயிலை மலையின் இடுப்பில், ஏழு காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த லயத்தில், மணப்பெண் யசோதினி காய்ச்சலில் கண் சிவந்து பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இது அம்மை இல்லம்மா."

"கன்னத்துல போட்டுக்க! தாயி வந்து எறங்கியிருக்கா, இவ இல்லைங்கிறா. மேல் லயத்துல ரெண்டு புள்ளைகளுக்குப் போட்டிருக்கு. ஒனக்குச் சின்ன வயசுல வரவும் இல்ல. அனலா கொதிக்குது ஒடம்பு. கையில மூணு முத்து. இன்னும் என்னா வேணும்?"

மூன்று முத்தையும் காலையில்தான் கண்டுபிடித்தாள் கருப்பம்மா. இடது கையில் அடுக்கிய பச்சைக் கண்ணாடி வளையல்களின் ஓரத்தில், சிவந்து வீங்கிய தோலில், வெள்ளை வெள்ளையாக மூன்று கொப்புளம். அவ்வளவுதான். அடுப்பிலிருந்த தாளிப்புச் சட்டி இறங்கியது. அம்மை இறங்கிய வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது, மேளம் கொட்டக் கூடாது, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை நல்ல காரியம் எதுவும் நடக்கக் கூடாது.

நடக்காவிட்டால்? மாப்பிள்ளை தயாபரனுக்கு அடுத்த செவ்வாய் கத்தாருக்கு விமானம். பண்டாரவளையில் மெக்கானிக்காக இருந்தவனுக்குக் கிடைத்த இரண்டு வருஷ ஒப்பந்தம். ஞாயிறு தவறினால் தாலி இரண்டு வருஷம் தள்ளிப்போகும்.

"இந்தாங்க," என்று கணவனைக் கூப்பிட்டாள் கருப்பம்மா. "ஹல்துமுல்லைக்குப் போன் போட்டு சம்மந்தியம்மாகிட்ட விசயத்தச் சொல்லிருங்க. மறைச்சா தாயி கோவிச்சுக்குவா."

பொன்னையா போனை எடுத்துக்கொண்டார். லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு விழும். அவருடைய முட்டிவலிக்கு அது கால் மணி நேர ஏற்றம்.

ஆக, யசோதினிக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம்!

அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். கையில் நடப்பது என்னவென்று அவளுக்கு நேற்றிரவே தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டால் அம்மா இந்தக் கல்யாணத்தையே மூட்டை கட்டி வைத்தாலும் வைப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை. பதுளைக் கடைத்தெரு. ரஹ்மத்தும்மாவின் வளையல் கடை. "ரெண்டு ஆறு அளவு போடுங்க மகள், லேசா ஏறும்," என்று ரஹ்மத்தும்மா சொல்ல, "எம் பொண்ணுக்கு ஒல்லிக் கை, ரெண்டு நாலுதான்," என்று அடித்துச் சொல்லிவிட்டு, சேலைக்கு ஃபோல்ஸ் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள் கருப்பம்மா. நான்காவது வளையல் விரல் முட்டியில் சிக்கியது. ரஹ்மத்தும்மா அழுத்தினார். படக்!

கல்யாணப் பெண்ணின் கையில் கண்ணாடி வளையல் உடைந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல், இரண்டு சொட்டு ரத்தம். "அதுக்குத்தான் சொன்னேன். போய் சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க மகள்," என்றார் ரஹ்மத்தும்மா. கழுவ நேரம் எங்கே? அம்மாவின் குரல் வாசலில் கேட்டது. யசோதினி மிச்ச வளையல்களைக் காயத்துக்கு மேலேயே இழுத்து மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

தோலில் ஒரு கதவு திறந்து கிடந்தது. அதன் வழியே யார் யார் நுழைந்தார்களோ!

யசோதினி ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டை பாதி மேடு ஏறியிருந்தது.

"அம்மா, இங்க வாங்க." வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி வளையல் புண்ணில் உரச, பல்லைக் கடித்தாள். மூன்று கொப்புளத்துக்கும் நடுவே, கோடு கிழித்தாற்போல் அந்த வெட்டு. "பதுளையில வளையல் ஒடஞ்சு வெட்டிருச்சு. நான்தான் மறைச்சேன்."

கருப்பம்மாவின் முகம் வெளுத்தது. "வளையலா? கல்யாணப் பொண்ணு கையில வளையல் ஒடஞ்சுச்சா?"

"அத அப்பறமா திட்டுங்க. இப்ப ஒண்ணு கேக்குறேன். நம்ம மரக்கறித் தோட்டத்துக்குள்ள காட்டுப் பன்னி வந்தா காவக்காரரு என்னா செய்வாரு?"

"பைத்தியமாடி ஒனக்கு? தகரத்தத் தட்டுவாரு."

"எந்தப் பன்னி, எந்தக் காட்டுலருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுட்டா?"

"விசாரிக்கிறதா? விடிஞ்சுரும். நம்ம ஆளு இல்லைன்னா மொதல்ல தட்ட வேண்டியதுதான்."

"அதேதாம்மா! தோலுக்குக் கீழயும் அப்படிக் காவக்காரங்க இருக்காங்க. வந்த கிருமி புதுசு, மொகம் தெரியாது. ஆனா நம்ம ஆளு இல்லைன்னு தெரிஞ்சுரும். ஒடனே தகரத்தத் தட்டிருவாங்க. ரத்தக் கொழாய் அகலமா வழி விடும். வெள்ளணுக்கள் கூட்டமா ஓடி வரும். அதான் இந்தச் செவப்பு, இந்த வீக்கம், இந்தச் சூடு. வந்ததுங்க கிருமிய முழுங்கி முழுங்கி அதுங்களும் சாகும். இது முத்து இல்ல, சீழு. சண்டை நடந்த எடம்."

"அப்ப காய்ச்சல்?"

"அதுவும் நம்ம ஆளுங்க வேலதான். சூட்டக் கூட்டுனா கிருமிக்கு லேசுல பெருக முடியாது."

கருப்பம்மா நம்பவில்லை. முப்பது வருஷம் கொழுந்து பறித்த விரல்களால் மகளின் கையை அழுத்திப் பார்த்தாள். மணிக்கட்டு, முழங்கை, அங்கிருந்து மேலே. அக்குளுக்கு வந்ததும் யசோதினி "ஆ!" என்று துள்ளினாள்.

கருப்பம்மா அடுத்த அக்குளையும் தொட்டாள். அங்கே ஒன்றுமில்லை.

"நெறி கட்டியிருக்கே!" என்றாள். "இந்தப் பக்கம் மட்டும் கட்டியிருக்கு. கையில புண்ணு இருந்தாத்தான்டி இப்படிக் கட்டும். ஒங்கப்பா காலுல ஆணி ஏறினப்போ தொடையில கட்டுச்சு."

"அந்த நெறிதாம்மா பெரட்டுக்களம். காலையில கங்காணி ஆள் பிரிக்கிற மாதிரி. பிடிபட்ட கிருமியோட துண்ட அங்க கொண்டு போய்க் காட்டி, இவன அடிக்க ஏத்த ஆளு யாருன்னு தேடிப் பிரிப்பாங்க. அந்தப் படை தயாராக ஒரு வாரம் போயிரும். அதுவரைக்கும் இந்தத் தகரம் தட்டுறவங்க தாக்குப் பிடிக்கணும். மருந்து போட்டா அவங்களுக்கும் ஒத்தாசை."

"தகரம் தட்டுறவன் தட்டிட்டான். நீதான்டி தட்டல!" என்று மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள் கருப்பம்மா. அடுத்த நொடி அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ, அந்த மனுசன்!"

வாசலுக்கு ஓடினாள். தொட்டி மேட்டில் பொன்னையா நின்றிருந்தார். போன் காதில்!

ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கேட்கிற குரல் அவளுடையது. இடுப்பில் கைவைத்து, மூச்சை இழுத்து, விட்டாள் ஒரு சத்தம்: "சொல்லாதீ...ங்க! அம்மை இல்லை...! சொல்லாதீ...ங்க!"

லயத்து நாய்கள் குரைத்தன. ஏழு காம்பராக்களின் கதவுகளிலும் தலைகள் முளைத்தன. மேட்டில் பொன்னையா கட்டையாகச் சமைந்தார். எதையோ வேகமாகச் சொல்லிவிட்டுப் போனை மடியில் ஒளித்துக்கொண்டு, முட்டிவலியையும் மறந்து இறங்கி வந்தார்.

"லைன் கெடைச்சுச்சா?" என்றாள் கருப்பம்மா.

"கெடைச்சுச்சு. சம்மந்தியம்மா 'அலோ'ன்னாங்க. அந்நேரம் நீ கத்துன."

"என்னா சொன்னீங்க?"

"என்னாத்தச் சொல்ல? சும்மா, சாப்டீங்களான்னு கேக்கத்தான் எடுத்தேன்னேன். பதினொன்ரைக்கு என்னா சாப்பாடுன்னு அந்தம்மா சிரிக்குது."

பாயில் கிடந்த யசோதினி, காய்ச்சலோடு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ பதுளையில் ஒரு கிளினிக் வாசலில் நின்றது. டாக்டர் ஷஹீலா கொப்புளத்தைத் திறந்து, இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடுகளவு பச்சைக் கண்ணாடிச் சில்லு!

"இதச் சுத்தித்தான் ஒங்கட ஒடம்பு இவ்வளவு பாடுபட்டிருக்கு. மருந்த ஒரு வேளையும் விடாம முடிக்கணும். நாளைக்கு வந்து கட்டு மாத்துங்க."

"டாக்டர் மிஸ், அம்மை இல்லதானே?"

"இல்ல, அம்மா. நல்லாப் பாத்துட்டேன்."

"ஞாயித்துக்கிழம கல்யாணம்..."

"தாலி கழுத்துலதானே கட்டுறது? கை கட்டோட இருக்கட்டும்."

திரும்பும் வழியில் கருப்பம்மா ஆட்டோவை ரஹ்மத்தும்மாவின் கடையில் நிறுத்தச் சொன்னாள். யசோதினிக்குப் பக்கென்றது. வளையல் உடைந்த சகுனத்துக்கான திட்டு இன்னும் பாக்கி இருந்தது.

"ரெண்டு ஆறு குடுங்க, பச்சையில ஒரு டசன்," என்றாள் கருப்பம்மா. ரஹ்மத்தும்மா புருவத்தை உயர்த்த, மகள் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். "சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு நாலுன்னு ஒத்தக் கால்ல நின்னது நான்தானே. சம்மந்தியம்மா கேட்டா அதையே சொல்லிருவேன்."

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பந்தலைச் சுற்றி ஜனம் கூடி நின்றது. உள்ளே போவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கருப்பம்மா நேரே கதவு நிலைக்குப் போனாள். வேப்பிலைக் கொத்தை எடுத்துக் கும்பிட்டு, மேல் லயத்துப் பிள்ளைகளுக்கென்று கொடுத்தனுப்பினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியில் எண்ணெய், எண்ணெயில் கை நிறையக் கடுகு.

படபடவென்று வெடித்தது. கறிவேப்பிலை வாசம் ஏழு காம்பராவுக்கும் பரவியது.

"கருப்பம்மாக்கா!" என்று கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு குரல். "அப்ப கல்யாணம் இருக்கா?"

"மூக்கு இருக்குல்ல?" என்றாள் கருப்பம்மா.