ஒட்டகச்சியின் தலை

காசிம் ஷார்ஜாவிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் ஆசிபா ஒரு சார்ட் பேப்பரை அவன் முன்னால் விரித்தாள். கழுத்து வரைக்கும் கோழி தயாராக நின்றது. அதற்கு மேலே வெறும் வெள்ளை.

"தலையைப் போடுங்கத்தா. நீங்க வரையறதை நான் நேர்ல பார்க்கணும்."

ஒட்டகச்சி, அத்தாவும் மகளும் சேர்ந்து உண்டாக்கிய கார்ட்டூன். உடம்பு கோழி, தலை ஒட்டகம். வெள்ளிக்கிழமைதோறும் ஆசிபா உடம்பை வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். தலை ஷார்ஜாவிலிருந்து வரும். மல்லாங்கிணறு பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிய ஒட்டகச்சியைப் பார்த்து அவள் வகுப்பே உருண்டு சிரித்தது.

ஆனால் தலையை வரைந்தது காசிம் இல்லை. ஷார்ஜா அறையில் கூடத் தங்கியிருந்த திருச்சுழி சங்கர்.

முதல் வாரம் காசிம் போட்ட தலை பிய்ந்த செருப்பு மாதிரி இருந்தது. "பிள்ளை பயந்துரும், குடுங்க பாய்" என்று சங்கர் வாங்கி வரைந்தான். "எங்கத்தா மாதிரி யாருக்கும் வராது" என்று மகளின் குரல் போனில் வந்தது. அதன் பிறகு காசிமுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"பெட்டி தூக்குனதுல விரல் பிசகிருச்சும்மா" என்றான் இப்போது.

"நேத்து பிரியாணிக்கு மட்டும் பிசகலையாக்கும்?" என்றாள் மனைவி பர்வீன், அடுப்படியிலிருந்து.

ஆசிபா சிரிக்கவில்லை. ஓடிப்போய்த் துணி கிழித்து வந்து விரலில் கட்டினாள். மதியம் சோற்றைப் பிசைந்து அவளே ஊட்டினாள். "ஆ காட்டுங்கத்தா."

சாயங்காலம் பார்த்தான். தலையில்லாத கோழியின் இறக்கையிலும் ஒரு கட்டு வரைந்திருந்தாள்.

"உங்களுக்குச் சரியாகுற வரைக்கும் இவளுக்கும் வலிக்கும்" என்றாள்.

காசிம் துணியை அவிழ்த்தான். பென்சிலை எடுத்து வரைந்தான். அதே செருப்பு. இந்த முறை காது வேறு.

ஆசிபா படத்தையும் அவன் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அதெல்லாம்?"

"சங்கர் மாமா வரைஞ்சதும்மா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"போட்டோ எடுத்து அனுப்பினேன்."

அவள் ரப்பரை எடுத்தாள். தலையைத்தான் அழிக்கப் போகிறாள் என்று காசிம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பேப்பர் கிழியும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது செருப்புத் தலை அப்படியே இருந்தது. இறக்கையில் இருந்த கட்டைக் காணோம்.